கரண்ட் போனால் மட்டும் ஒழுகிய சம்ப்: ஒரு பழுதுபார்ப்பின் முழு விவரம்

வடசென்னையில் ஓர் அடுக்குமாடி வீடு. ஹாலில் 120 × 60 × 55 செ.மீ. அளவில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி. உள்ளே ஒரு ஜோடி கிளௌன் மீன், இரண்டு டாம்செல், செயற்கைப் பாறை. பவளம் எதுவும் இல்லை. தொட்டிக்கு அடியில், பிளைவுட் கேபினட்டுக்குள், 90 × 45 × 40 செ.மீ. சம்ப், அதாவது மேல் தொட்டியின் தண்ணீர் இறங்கி, சுத்தமாகி, மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும் கீழ்த்தொட்டி. 6 மி.மீ. கண்ணாடி, கறுப்பு சிலிக்கான். மூன்று அறைகள்: மேலிருந்து தண்ணீர் வந்து விழும் அறையில் ஃபில்டர் சாக்கும் (அழுக்கை வடிக்கும் துணிப்பை) ஸ்கிம்மரும் (நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி), நடுவில் கீட்டோ பாசி, கடைசியில் தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் மோட்டார். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கிடையாது. சம்பின் மேல் ஒரு சின்ன ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் நாளுக்கு 5 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாகும். அந்தக் குறைவை ஈடுகட்ட ஒரு கேனில் ஆர்ஓ தண்ணீர், ஆட்டோ டாப்-அப் வழியாகத் தானாக இறங்கும்.

உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் சொன்ன புகார் இவ்வளவுதான்: கேபினட்டின் முன்பக்கம், வலது மூலையில் சில நாள் தண்ணீர் தேங்கியிருக்கிறது, சில நாள் சுத்தமாகக் காய்ந்திருக்கிறது. முன்பே ஒருவர் வந்து பார்த்து, ஈரம் தெரிந்த அந்த மூலையிலேயே வெளிப்பக்கமாகச் சிலிக்கான் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். கட்டை விரல் பருமனுக்கு ஒரு உருண்டை அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகும் ஒழுகல் நிற்கவில்லை.

“அடிச்ச இடத்துலயே திரும்பத் திரும்பத் தண்ணி நிக்குது தம்பி. சிலிக்கான் மட்டமா இருக்குமோ?” என்று கேட்டார்.

தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தை வைத்து ஓட்டையைத் தேடுவதுதான் இந்த வேலையில் நேரத்தையும் காசையும் அதிகம் விழுங்கும் வழி. கண்ணாடியில் எங்கே கசிந்தாலும் தண்ணீர் இணைப்பை ஒட்டியே கீழே இறங்கும், அடியில் விரித்திருக்கும் தெர்மாகோலுக்குள் புகும், தரை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போய்த் தலைகாட்டும். அதனால் ஈரம் எந்த மூலையில் என்பதைவிட, கசிவு எந்த உயரத்தில் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். இந்த வீட்டில் அந்தக் கேள்விதான் வேலையை முடித்துக் கொடுத்தது.

முதலில் மின்சாரம்

எதையும் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். காரணம் கண்ணெதிரே இருந்தது. மோட்டார், ஸ்கிம்மர், விளக்கு, ஃபேன், டாப்-அப் எல்லாம் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேபினட்டின் தரையில், தண்ணீர் தேங்கிய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். குழாய்த் தண்ணீர் சிந்தினாலே ஆபத்து, உப்புத் தண்ணீர் என்றால் சொல்லவே வேண்டாம். அந்த வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தது நல்லதாகப் போயிற்று. அது இல்லாத வீட்டில் சம்ப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முதலில் அதைப் பொருத்திக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பாக்ஸைக் கழற்றி கேபினட்டின் பக்கச் சுவரில், சம்பின் விளிம்பைவிட உயரமாக மாட்டினோம். ஒவ்வொரு ஒயரும் பிளக்கை எட்டும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறும்படி விட்டோம். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

உப்பு சொன்ன செய்தி

ஆசிரியர் ஒரு நோட்டில் வாரம் தவறாமல் உப்பளவைக் குறித்து வைத்திருந்தார். நான் பார்த்ததிலேயே உருப்படியான ஆவணம் அதுதான். 35 பிபிடியில் (லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு) நின்ற உப்பளவு மெல்ல மெல்ல இறங்கி 33-க்கு வந்திருந்தது. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் தவறாகக் காட்டுகிறதோ என்று 35 பிபிடி சோதனைக் கரைசலை வைத்துச் சரிபார்த்தேன். கருவி சரியாகவே இருந்தது.

டாப்-அப் கேன் முன்பைவிடச் சீக்கிரம் காலியாகிறது என்பதையும் அவர் கவனித்திருந்தார். வெயில் காலம், ஆவியாவது கூடிவிட்டது என்று நினைத்திருக்கிறார். ஆனால் ஆவியாவதால் உப்பு குறையாது. தண்ணீர் மட்டும் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். போன அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் உப்பளவு பழைய இடத்துக்கே வந்து நிற்கும். உப்பளவு இறங்குகிறது என்றால் உப்போடு சேர்ந்த தண்ணீர் வெளியே போகிறது, அந்த இடத்தை ஆர்ஓ தண்ணீர் பிடித்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். பாறையைக் கழித்துவிட்டால் தொட்டியும் சம்பும் சேர்ந்து சுமார் 400 லிட்டர். 35-லிருந்து 33-க்கு இறங்க வேண்டுமானால் 23 லிட்டர் அளவுக்குக் கடல்நீர் போயிருக்க வேண்டும். ஸ்கிம்மர் கோப்பையில் கொட்டும் அழுக்குத் தண்ணீரிலும் உப்பு போகும்தான், ஆனால் அவர் கொட்டும் அளவு அதில் ஒரு சிறு பங்குகூட வராது. மீதி அத்தனையும் பிளைவுட்டுக்குள் இறங்கியிருக்கிறது. கேபினட்டின் அடிப்பலகையைக் கையால் அழுத்தினால் பொருமிப் போயிருந்தது தெரிந்தது.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு வசதி. நன்னீர்த் தொட்டியில் கசிவுக்கும் ஆவியாவதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். கடல்நீரில் உப்பே காட்டிக் கொடுத்துவிடும்.

ஏன் சில நாள் மட்டும்?

ஒழுகிய நாட்களில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்க்கச் சொன்னபோது அவர் மனைவிதான் பதில் சொன்னார்: “கரண்ட் போற அன்னைக்குத்தான் தரை ஈரமா இருக்கும்.”

சம்ப் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது விளங்கிவிடும். மோட்டார் ஓடும்போது முதல் இரண்டு அறைகளில் தண்ணீர் மட்டம் தடுப்புக் கண்ணாடியின் உயரத்தில், அதாவது 25 செ.மீ.-இல் நிற்கும். மோட்டார் இருக்கும் கடைசி அறையில் 20 செ.மீ. மொத்தம் 94 லிட்டர் சொச்சம். கரண்ட் போனதும் மோட்டார் நின்றுவிடும். ஆனால் மேல் தொட்டியில் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு (தண்ணீர் வழிந்து சம்புக்கு இறங்கும் விளிம்பு) மேலே இருக்கும் தண்ணீர் தொடர்ந்து கீழே இறங்கும். ரிட்டர்ன் குழாயும் தலைகீழாக உறிஞ்சும், அதன் வாய் தண்ணீருக்கு வெளியே வந்து காற்றை இழுக்கும் வரை நிற்காது. இங்கே அந்த வாய் தண்ணீர் மட்டத்துக்கு 2.5 செ.மீ. கீழே இருந்தது. 120 × 60 தொட்டியில் 1 செ.மீ. என்பது 7.2 லிட்டர், அதனால் 18 லிட்டர் அப்படியே கீழே வரும். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் நிற்பது இன்னொரு 10 லிட்டர். 28 லிட்டர் கூடுதலாக வந்து சேரும்போது சம்பின் மூன்று அறைகளும் ஒன்றாகி, மட்டம் 30 செ.மீ.-க்கு ஏறுகிறது.

ஆக, சாதாரண நேரத்தில் தண்ணீரே தொடாத 25 முதல் 30 செ.மீ. வரையிலான (கடைசி அறையில் 20 முதல்) கண்ணாடி, கரண்ட் போன நேரத்தில் மட்டும் நனைகிறது. ஓட்டை அந்த உயரத்துக்குள்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் நடக்கிறது. கண்ணாடியைத் தண்ணீர் தள்ளும் விசை, உயரத்தின் வர்க்கத்தோடு ஏறும். சம்பின் பின்பக்கக் கண்ணாடியில் மோட்டார் ஓடும்போது விழும் மொத்த விசை சுமார் 25 கிலோ எடைக்குச் சமம். மட்டம் 30-க்கு ஏறும்போது அது 41 கிலோவாகிறது. 25 செ.மீ. உயரம் வரை தடுப்புக் கண்ணாடிகள் முன்னையும் பின்னையும் பிடித்து நிறுத்துகின்றன. அதற்கு மேல் பிடிமானமே கிடையாது. மெல்லிய 6 மி.மீ. கண்ணாடி வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வளைகிறது, மூலை இணைப்பு அந்த இழுவையைத் தாங்க வேண்டியிருக்கிறது. கண்ணில் படுவதில்லை என்பதற்காகச் சம்புக்கு மட்டும் மெல்லிய கண்ணாடி போதும் என்று செய்து கொடுக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காதது. மேல் தொட்டியின் மட்டம் மோட்டார் ஓடும்போது ஒரே இடத்தில் நிற்கும், கரண்ட் போனால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஏறி இறங்கி அடி வாங்குவது சம்ப்தான்.

டிஷ்யூ பேப்பர் சோதனை

சம்பின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காய வைத்தோம். நான்கு மூலை இணைப்புகளிலும், கீழிருந்து மேல்வரை, இரண்டு விரல் அகல டிஷ்யூ துண்டுகளை ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு ஒட்டினோம். இடைவெளி முக்கியம். ஒரே நீளத் துண்டாக ஒட்டினால் ஈரம் பேப்பர் வழியாகவே ஊறிப் பரவி, எங்கே தொடங்கியது என்று தெரியாமல் போய்விடும். அப்புறம் மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்தினோம்.

மட்டம் 30-க்கு வந்தது. முன் வலது மூலையில், பழைய சிலிக்கான் உருண்டை இருந்த இடத்தில், எல்லாத் துண்டும் காய்ந்தே இருந்தன. அரை மணி நேரம் கழித்து மொபைலில் வீடியோவை ஓடவிட்டு, சம்புக்கும் கேபினட்டின் பின்பலகைக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் நுழைத்துப் பார்த்தேன். பின்பக்கம், இடது மூலை. 27 செ.மீ. உயரத்தில் இருந்த துண்டு கறுத்திருந்தது. அதற்குக் கீழே உள்ளவை ஒவ்வொன்றாக நனைந்துகொண்டிருந்தன. அதற்கு மேலே இருந்தவற்றில் ஈரமே இல்லை. அதே உயரத்தில் கண்ணாடி விளிம்பில் மயிரிழை போல ஒரு வெள்ளை உப்புக் கோடும் படிந்திருந்தது. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது, யாரும் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில்.

உறுதிப்படுத்திக்கொள்ள, சம்பிலிருந்து 16 லிட்டர் எடுத்துவிட்டோம். இப்போது மோட்டார் நின்றாலும் மட்டம் 26-ஐ ஒட்டியே நிற்கும், 27-ஐத் தொடாது. புதுத் துண்டுகள் ஒட்டி, மோட்டாரை நிறுத்தி வைத்துப் பார்த்ததில் எதுவும் நனையவில்லை. சந்தேகம் தீர்ந்தது.

பின் இடது மூலையில் கசிந்தது, முன் வலது மூலையில் எப்படி வந்தது? தெர்மாகோல் ஷீட்டின் அடியில் ஓடி, கேபினட் தரையின் சரிவுப்படி குறுக்காகப் போயிருக்கிறது. முன்பு வந்தவர் அடித்த சிலிக்கானில் குறை ஒன்றும் இல்லை. ஓட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பதுதான் விஷயம்.

இணைப்புக்குள் என்ன இருந்தது

சம்பைக் காலி செய்து வெளியே எடுத்தோம். தண்ணீர் இருக்கும்போது, ஒரு சாண் அளவு இருந்தால்கூட, சம்பைத் தூக்கக் கூடாது. கண்ணாடி முறுக்கிக்கொண்டு நல்ல இணைப்பும் விட்டுப்போகும்.

கண்ணாடித் தொட்டியில் சிலிக்கான் இரண்டு இடத்தில் இருக்கும். ஒரு கண்ணாடியின் விளிம்பும் இன்னொன்றின் முகமும் சேரும் இடத்தில் நடுவே இருப்பது முதலாவது. தொட்டியைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். உள்மூலையில் முக்கோணமாக இழுத்துவிட்டிருப்பது இரண்டாவது, அந்த இணைப்பைத் தண்ணீரிலிருந்து காக்கும் மேல்பூச்சு. பழுது எதில் என்று தெரியாமல் பிளேடை எடுக்கக் கூடாது.

பின்கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் பக்கக் கண்ணாடியின் விளிம்பு 6 மி.மீ. அகலக் கறுப்புப் பட்டையாகத் தெரிகிறது. சிலிக்கான் கண்ணாடியில் முழுதாக ஒட்டியிருக்கும் இடம் மை போலக் கறுப்பு. விட்டுப்போன இடம் வெள்ளியாகப் பளபளக்கும், உள்ளே காற்று இருப்பதால். அந்தப் பட்டையில் 26-லிருந்து 31 செ.மீ. வரை வெள்ளித் திட்டுகள். பெரும்பாலானவை பட்டையின் நடுவோடு நின்றிருந்தன. 27-இல் மட்டும் ஒன்று உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை முழுக்கக் குறுக்கே ஓடியது. அதற்கு நேர் உள்ளே, முக்கோணப் பூச்சின் ஓரம் நகக்கண் அளவுக்குத் தூக்கிக்கொண்டு, அடியில் பச்சைப் பாசி வளர்ந்திருந்தது.

காரணம் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் செய்யும்போதே சிலிக்கான் குறைவாக வைத்து அழுத்தியிருக்கிறார்கள், நடுவில் இருந்த படலம் மற்ற மூலைகளைவிட மெல்லியது. ஃபில்டர் சாக்கைத் தாங்கும் கொக்கி அந்தப் பக்கக் கண்ணாடியின் மேல்விளிம்பில்தான் தொங்கியது. தண்ணீர் நிறைந்த சாக்கை வாரா வாரம் இழுத்து எடுக்கும்போது அந்த மூலைதான் ஆட்டம் வாங்கும். பூச்சின் ஓரம் எதனாலோ ஒருமுறை தூக்கிக்கொண்டது, பாசி உள்ளே போனது, பிறகு அது தானாகவே வளர்ந்து பூச்சை நெம்பியது.

கண்ணாடியைக் கழற்றுவதா, உள்ளேயே அடைப்பதா?

ஆசிரியருக்கு மூன்று வழிகள் சொன்னேன். புது சம்ப் செய்வது. பக்கக் கண்ணாடியை அறுத்தெடுத்து மறுபடி ஒட்டுவது. கழற்றாமல், பழுதான இணைப்பைச் சுத்தம் செய்து சிலிக்கான் செலுத்தி, முதல் அறையின் உள்பூச்சை முழுவதும் புதிதாகப் போடுவது.

வெளியிலிருந்து அடைப்பது என்ற வழியையே நான் சொல்லவில்லை. தண்ணீர் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. வெளியே ஒட்டியதை அது உரித்தெடுக்கத்தான் பார்க்கும். உள்ளே ஒட்டினால் அதே அழுத்தம் சிலிக்கானைக் கண்ணாடியோடு சேர்த்து அமுக்கும்.

மூன்றாவது வழியை நான் பரிந்துரைத்தது உயரத்தை வைத்துத்தான். 40 செ.மீ. இணைப்பில் கெட்டது 5 செ.மீ. அதுவும் மேல்பாதியில். மட்டம் 30-இல் இருக்கும்போது 27-இல் உள்ள ஓட்டைக்கு மேலே நிற்பது வெறும் 3 செ.மீ. தண்ணீர். அழுத்தம் சொற்பம். இதே வெள்ளித் திட்டு அடித்தட்டு இணைப்பில் இருந்திருந்தால், முழு 30 செ.மீ. தண்ணீரும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். அப்போது புது சம்ப் வாங்குங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

கெட்ட இடத்தில் மட்டும் ஒரு விரல் சிலிக்கான் தடவினால் போதாதா என்று கேட்டார். போதாது. புதுச் சிலிக்கான் கண்ணாடியில் பிடிக்கும், ஏற்கெனவே காய்ந்த பழைய சிலிக்கானில் சரியாகப் பிடிக்காது. பழையதின் மேல் தடவினால் ஒட்டியது போலத் தெரியும், சில மாதத்தில் தோலாக உரிந்து வரும். அந்த அறையின் பூச்சை எடுத்தால் முழுக்க எடுக்க வேண்டும்.

எந்தச் சிலிக்கான்

கடையில் போய் “சிலிக்கான் கொடுங்க” என்றால் பாத்ரூமுக்கான சிலிக்கான் டியூபை எடுத்துக் கொடுக்க வாய்ப்பு உண்டு. அதில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள். பூஞ்சையைக் கொல்வது மீனுக்கும் ஆகாது. டியூபில் சானிட்டரி, பாத், ஆன்ட்டி ஃபங்கல் என்று எதாவது போட்டிருந்தால் மீன்தொட்டிக்கு வேண்டாம். அக்வேரியத்துக்கு என்று போட்டிருக்கும், முழுச் சிலிக்கானான, காயும்போது வினிகர் வாசனை வரும் அசிட்டிக் வகைதான் இந்த வேலைக்குப் பழக்கமானது. அக்ரிலிக் சீலன்ட் என்று வேறொன்று அதே மாதிரி டியூபில் விற்கிறது, அது கண்ணாடித் தொட்டிக்கு உதவாது.

தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். பழைய டியூபில் இருப்பது சில சமயம் காயவே காயாது. நாங்கள் வாங்கியதை முதலில் ஓர் உடைந்த கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தோம். கால் மணி நேரத்துக்குள் மேலே தோல் கட்டியது, வினிகர் வாசனை வந்தது, மறுநாள் பிளேடால் அறுக்காமல் உரிக்க முடியவில்லை. அப்புறம்தான் சம்பில் கை வைத்தோம்.

மீன்கள் என்ன ஆயின

மேல் தொட்டியை நிறுத்தவே இல்லை. 120 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்றை நன்றாகக் கழுவி, கேபினட்டுக்கு முன்னால் தரையில் வைத்து, அதையே தற்காலிக சம்பாக்கினோம். ஓடும்போது 60 லிட்டர் மட்டும் இருக்கும்படி கோடு போட்டு வைத்தோம். கரண்ட் போனால் இறங்கும் 28 லிட்டரும் சேர்ந்து 88, டப் வழியாது. இந்தக் கணக்கைப் போடாமல் டப்பை வைத்தால், கரண்ட் போன இரவில் ஹால் முழுக்கக் கடல்நீர் நிற்கும்.

சம்பில் இருந்த பீங்கான் வளையங்களை ஒரு நிமிடம்கூட நல்ல தண்ணீரில் போடாமல், அதே கடல்நீரோடு டப்புக்கு மாற்றினோம். மீன் கழிவின் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. ஸ்கிம்மர் குறிப்பிட்ட ஆழத்தில்தான் சரியாக ஓடும் என்பதால் அடியில் ஒரு டைல்ஸ் துண்டு வைத்து உயரத்தைச் சரிசெய்தோம். தீனியைப் பாதியாகக் குறைத்தார்கள். தினமும் பார்த்த அமோனியா சோதனையில் நிறம் மாறவே இல்லை.

சுரண்டல்

நேரம் பிடித்த வேலை இதுதான், அவசரப்படக் கூடாத வேலையும் இதுதான். முதல் அறையின் உள்பூச்சு முழுவதையும், இரண்டு செங்குத்து மூலைகள், அடியில் மூன்று பக்கம், முதல் தடுப்புக் கண்ணாடியின் ஓரம் வரை, பிளேடால் எடுத்தோம். கண்ணாடியோடு பிளேடைப் படுக்க வைத்து ஒரு பக்கம், அடுத்த கண்ணாடியோடு படுக்க வைத்து மறுபக்கம் அறுத்தால் முக்கோணம் நாடாவாக வந்துவிடும். பிளேடு முனை இணைப்பின் நடுவே போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கெட்ட 5 செ.மீ.-இல் மட்டும் வேண்டுமென்றே மெல்லிய பிளேடை உள்ளே விட்டு, ஒட்டாமல் கிடந்த சிலிக்கானை இழுத்தெடுத்தோம். ஈரமான பாசியும் உப்புப் பொடியுமாக வந்தது.

அறுத்தபின் கண்ணாடி சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் நகத்தால் இழுத்தால் ரப்பர் மாதிரித் தடுக்கும் இடங்கள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம்தான் புதுச் சிலிக்கானை ஒட்டவிடாது. நகம் வழுக்கிக்கொண்டு ஓடும் வரை புதுப் பிளேடு மாற்றி மாற்றிச் சுரண்ட வேண்டும்.

பிறகு உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, ஃபேன் காற்றில் காய வைத்தோம். கடைசியாக அசிட்டோன். நூல் விடாத துணியில் தொட்டுத் துடைத்து, அந்தத் துணியைத் தூரப் போட்டு, புதுத் துணியில் இன்னொரு முறை. இணைப்புக்குள் துணி போகாது என்பதால் மெல்லிய அட்டையை அசிட்டோனில் நனைத்து உள்ளே விட்டு எடுத்தோம். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வைத்து, சமையலறை அடுப்பை அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். தடுப்புகள் அக்ரிலிக்காக இருந்தால் அசிட்டோன் அதைக் கெடுத்துவிடும், அங்கே ஐசோபுரொபைல் ஆல்கஹால்தான். துடைத்த இடத்தில் அதன்பின் விரல் படக்கூடாது.

சிலிக்கான் அடித்தது

மூலையிலிருந்து இரண்டு பக்கமும் 8 மி.மீ. விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டினோம். வெளிப்பக்கமும் கெட்ட இடத்தை ஒட்டி டேப்.

முதலில் கெட்ட இணைப்பு. சிலிக்கான் கன்னில் (டியூபை அழுத்தும் கருவி) மாட்டிய மூக்கைச் சிறிதாக வெட்டி, உள்ளிருந்து பிளவோடு ஒட்ட வைத்து மெதுவாக அழுத்தினேன். ஆசிரியர் பின்பக்கம் டார்ச்சோடு உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளித் திட்டுக்குள் கறுப்பு மெல்லப் பரவியது. 28-இல் ஒரு புள்ளி மட்டும் வெள்ளியாகவே நின்றது. “இங்க, இன்னும் ஒரு நூல் மேல” என்றார். மூக்கை நகர்த்தி அழுத்தியதும் அதுவும் கறுத்து, வெளிவிளிம்பில் மணியாகத் துளித்தது. அந்தத் துளி வெளியே வந்தால்தான் உள்ளே முழுதாக நிறைந்ததற்கு அடையாளம்.

அது ஈரமாக இருக்கும்போதே உள்பூச்சை அடித்துவிட வேண்டும். செங்குத்து மூலைகளை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில், நிறுத்தாமல். அப்புறம் அடிமூலைகள். மூன்று கண்ணாடிகளும் சேரும் அந்தக் கடைக்கோடிப் புள்ளியில் கொஞ்சம் கூடுதலாக வைத்து உள்ளே அமுக்கிவிட வேண்டும், காற்றுக்குமிழி தங்குவது பெரும்பாலும் அங்கேதான். ஐஸ் குச்சியின் வட்டமான முனையால் ஒரே அழுத்தத்தில் இழுத்து விட்டதும், தோல் கட்டும் முன் டேப்பைச் சாய்வாக இழுத்து எடுத்தோம். சோப்புத் தண்ணீர் தொட்டு இழுப்பவர்கள் உண்டு. சோப்பு கண்ணாடியில் பட்டால் அங்கே சிலிக்கான் பிடிக்காது என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

கூடவே, கண்ணாடிக் கடையில் விளிம்பு தேய்த்து வாங்கிய 5 செ.மீ. அகல 6 மி.மீ. பட்டைகள் இரண்டை, முன், பின் கண்ணாடிகளின் மேல்விளிம்போடு உள்பக்கமாகப் படுக்க வைத்து ஒட்டினோம். இனி மட்டம் ஏறினாலும் கண்ணாடி வெளியே வளையாமல் இவை பிடித்துக்கொள்ளும். நடுவில் 35 செ.மீ. திறப்பு இருப்பதால் ஸ்கிம்மரை எடுக்க இடைஞ்சல் இல்லை. சாக் கொக்கியும் பக்கக் கண்ணாடியை விட்டுத் தடுப்புக் கண்ணாடிக்கு மாறியது.

காயவிட்டது, சோதித்தது

சிலிக்கான் காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு மேலிருந்து உள்நோக்கிக் காயும். நாளுக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான். சென்னைக் காற்றின் ஈரம் இதற்குத் தோது, ஏசி அறையில் வைத்தால் தாமதமாகும். மறுநாளே தொட்டால் உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணாடிகளுக்கு நடுவில் செலுத்திய சிலிக்கானுக்குக் காற்று படும் வழி மிகக் குறைவு, அது காய நாளாகும். ஒரு வாரம் விட்டுவிடச் சொன்னேன். மூக்கை வைத்து முகர்ந்தால் வினிகர் வாசனை துளியும் இருக்கக் கூடாது. மிச்சமிருக்கும் அசிட்டிக் அமிலம் தண்ணீரில் கரைந்தால் காரத்தன்மையைக் குறைக்கும், பாக்டீரியாவுக்குத் தீனியாகித் தண்ணீரைக் கலங்கலாக்கவும் கூடும்.

பால்கனியில் சமதளமான இடத்தில் செய்தித்தாள் விரித்து, புதுத் தெர்மாகோல் மேல் சம்பை வைத்து, மெட்ரோ வாட்டர் பிடித்தோம். 10, 20, 30 என்று ஒவ்வொரு படியிலும் நிறுத்தி டிஷ்யூ துண்டுகளைப் பார்த்து, கடைசியில் 36 செ.மீ. வரை நிரப்பினோம். பயன்பாட்டில் வரக்கூடிய உச்ச மட்டத்தைத் தாண்டிச் சோதிக்க வேண்டும், ஓடும் மட்டத்துக்கு நிரப்பிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைவதில் பயனில்லை. 48 மணி நேரம் அப்படியே நின்றது. செய்தித்தாளில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

திரும்ப மாட்டும்போது

பொருமிய அடிப்பலகையைத் தச்சர் மாற்றிக் கொடுத்தார். சம்பை உள்ளே வைப்பதற்கு முன் ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் சரிபார்த்தோம்.

ரிட்டர்ன் குழாயின் வாயையும் உயர்த்தினோம், தண்ணீர் மட்டத்துக்கு 1.2 செ.மீ. கீழே. இனி கரண்ட் போனால் இறங்குவது 28 லிட்டருக்குப் பதிலாக 19 லிட்டருக்குள். சம்பின் மட்டம் 30-க்குப் பதில் 28-இல் நின்றுவிடும். தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் என்ன என்று ஆசிரியர் கேட்டார். போடலாம், ஆனால் நம்பக் கூடாது. ஒரு சிறு நத்தையோ சுண்ணாம்புப் படிவோ மாட்டிக்கொண்டால் அது மூடாது. குழாயின் வாய் உயரமாக இருந்தால் அதில் கெட்டுப்போக எதுவும் இல்லை.

உப்பளவை 33-லிருந்து 35-க்கு ஒரேயடியாக ஏற்றவில்லை. டாப்-அப் கேனில் ஆர்ஓ தண்ணீருக்குப் பதிலாக 35 பிபிடி உப்புநீரை ஊற்றி வைத்தோம். நாளுக்கு ஆவியாகும் 5 லிட்டரை அது ஈடுகட்டும்போது சுமார் 175 கிராம் உப்பும் சேர்ந்து இறங்கும், அதாவது நாளுக்கு அரை பிபிடிக்கும் குறைவு. மீன்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. 35 வந்ததும் கேனை மறுபடி ஆர்ஓ தண்ணீருக்கு மாற்றிக்கொண்டார்.

பின் இடது மூலையில் 27 செ.மீ. உயரத்தில் ஒரு டிஷ்யூ துண்டை அப்படியே விட்டு வைத்திருக்கிறோம். கரண்ட் போய் வந்த ஒவ்வொரு முறையும் அவர் மொபைலை உள்ளே விட்டுப் பார்த்து, நோட்டில் உப்பளவுக்குப் பக்கத்தில் “காய்ந்திருக்கிறது” என்று எழுதி வருகிறார். உப்பளவு 35-இலேயே நிற்கிறது.